‘ஒடிசி’ படம் எடுத்த கடற்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு: விசாவிலிருந்து வொய்டோகிலியா வரை

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தை கிறிஸ்டோபர் நோலன் படமாக்குகிறார், மேட் டேமன் ஒடிசியஸாக நடிக்கிறார் என்ற செய்தி வந்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள்: அந்த இடங்களுக்கு நாமே போய்வர முடியுமா? முடியும். பெருஞ்செலவு என்றும் சொல்ல முடியாது. ஆனால் காகித வேலை பொறுமையைச் சோதிக்கும். பஸ் நேரம் அதைவிடச் சோதிக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில், தமிழ்நாட்டிலிருந்து, ஏஜென்சி துணை இல்லாமல் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

1. எந்த நாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படப்பிடிப்பு ஒரே நாட்டில் நடக்கவில்லை. மொராக்கோவின் ஐத் பென்ஹத்து, இத்தாலியில் சிசிலியை ஒட்டிய ஃபாவின்யானா தீவு, கிரேக்கம், ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து என்று படக்குழு சுற்றியது. பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை எழும். அதை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். கிரேக்கம், இத்தாலி, ஐஸ்லாந்து மூன்றும் ஷெங்கன் விசாவுக்குள், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசாவுக்குள் வருகின்றன. ஸ்காட்லாந்துக்குப் பிரிட்டன் விசா தனி. மொராக்கோவுக்கும் தனி. நடுவில் மொராக்கோ போய் மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமென்றால், ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா செல்லாது. இதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் நிற்பவர்கள் உண்டு.

முதல் பயணம் என்றால் கிரேக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மெசினியா போதும். 2025 மார்ச்சில் படக்குழு முகாமிட்டிருந்தது அங்கேதான். வொய்டோகிலியா கடற்கரை, அதன் மேலே நெஸ்டர் குகை, மெத்தோனி கோட்டை ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று அரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். கொரிந்துக்கு மேலே நிற்கும் அக்ரோகொரிந்த் மலைக்கோட்டையிலும் படம் எடுத்தார்கள். அது ஏதென்ஸிலிருந்து மெசினியா போகும் வழியிலேயே வருகிறது.

ஒடிசியஸின் ஊரான இதாகா தீவில்தான் படம் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து அங்கே அறை பிடித்துவிடாதீர்கள். ரால்ஃப் ஃபைன்ஸ் ஒடிசியஸாக நடித்து 2024இல் வந்த ‘தி ரிட்டர்ன்’ படத்தையும் கோர்ஃபு தீவிலும் இத்தாலியிலும்தான் எடுத்தார்கள். ஊர் திரும்பும் கதையைப் படமாக்குகிறவர்கள் அந்த ஊருக்கு மட்டும் போவதில்லை. இதாகாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2. மாதம்

ஏப்ரல் இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும், அறை வாடகையும் ஏறிவிடும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி ஊரே விடுமுறையில் இருக்கும். ஈஸ்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேக்க ஈஸ்டர் பெரும்பாலும் நம் நாட்காட்டியில் இருக்கும் ஈஸ்டர் அன்று வருவதில்லை. 2027இல் மே 2 அன்று வருகிறது. அந்த வாரத்தில் பஸ்கள் குறையும், கடைகள் மூடும்.

3. ஆவணங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். உண்மையான சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. கோடைப் பயணத்துக்கு விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம். மே மாதம் போவதென்றால் ஜனவரியிலேயே நேரம் தேடத் தொடங்குங்கள்.

கிரேக்கத்தில்தான் அதிக நாள் தங்குகிறீர்கள் என்றால் கிரேக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு நாடுகளில் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. ‘அந்த நாட்டில் சீக்கிரம் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னதைக் கேட்டு வேறு நாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு நேரே கிரேக்கத்தில் போய் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

பாஸ்போர்ட்: திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

பெயர்: தமிழர்களுக்கென்றே இருக்கும் தலைவலி இது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் தந்தை பெயர் இருக்கும். வங்கியில் இனிஷியல், ஆதாரில் வேறு மாதிரி, அலுவலகக் கடிதத்தில் இன்னொரு மாதிரி. விசா விண்ணப்பம், விமான டிக்கெட், காப்பீடு, அறைப் பதிவு ஆகிய நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்தின் விதியைப் படியுங்கள். சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரு கட்டங்களிலும் எழுதச் சொல்லும், சில வேறு எழுத்துகளைப் போடச் சொல்லும். வங்கி அறிக்கையில் இனிஷியலோடு பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று முகப்புக் கடிதத்தில் (கவரிங் லெட்டர்) ஒரு வரி எழுதிவிடுங்கள்.

காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பு, ஷெங்கன் நாடுகள் முழுமைக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும். இந்தியாவில் புறப்படும் நாளிலிருந்து திரும்பி வந்திறங்கும் நாள் வரை எடுத்துவிடுங்கள். ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள்.

பணத்துக்கான ஆதாரம்: வங்கிக் கணக்கு அறிக்கையில் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய வெறும் அச்சுப்படியை நம்பிப் போகாதீர்கள். எத்தனை மாதத்துக்கு என்பது விசா மையத்தின் பட்டியலில் இருக்கும். ஆறு மாதத்துக்கு எடுத்து வைத்தால் குறைப்பட்டுப் போகாது. விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடமிருந்து இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதிகாரியின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். சம்பளம் வந்து, வீட்டுச் செலவு போய், கொஞ்சம் மீந்து நிற்கும் கணக்கு எவ்வளவோ மேல். கூடவே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த ரசீதுகள், சம்பளச் சீட்டுகள், விடுப்பு தந்ததாக அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் பதிவுச் சான்று வைக்க வேண்டும். மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு, செலவை ஏற்பவரின் கடிதத்தையும் அவருடைய வங்கி ஆவணங்களையும் வைக்க வேண்டும்.

அறை, விமானப் பதிவு: பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் உண்மையான அறைப் பதிவு செய்யுங்கள். ‘விசாவுக்கு மட்டும்’ என்று போலிப் பதிவு போட்டுத் தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அப்படி ஒருவர் எனக்குத் தந்த தாளில் இருந்த விடுதியை அழைத்துக் கேட்டேன். அந்தப் பெயரில் பதிவே இல்லை என்றார்கள். நான் அழைத்துக் கேட்டதை விசா அதிகாரியும் செய்யக்கூடும்.

முகப்புக் கடிதம்: பலர் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். நாள்வாரியாக எந்த ஊர், எங்கே தங்கல், எப்படிப் போகிறேன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கிரேக்கம் என்றால் சான்டோரினி, மிக்கனோஸ் என்றுதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் இருக்கும். நீங்கள் மெசினியாவில் இருக்கும் பீலோஸ், மெத்தோனி என்று எழுதும்போது காரணத்தையும் நேராகச் சொல்லிவிடுங்கள்: ஹோமரின் காவியத்தோடு தொடர்புள்ள இடங்கள், படம் எடுத்த இடங்கள், தொல்லியல் தளங்கள். சினிமா பார்க்கிற ஆசையில் போகிறேன் என்பது கௌரவக் குறைவான காரணமே அல்ல.

4. விசா மையத்தில்

தூதரகத்தில் நேராகக் கொடுப்பதில்லை. கிரேக்கம் நியமித்திருக்கும் விசா மையத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் நிறுவனம் வேறு என்பதால், கிரேக்கத் தூதரகத்தின் தளத்துக்குள் போய் அங்கிருக்கும் இணைப்பின் வழியே நேரம் பதிவு செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகரின் தளம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்ப வராது. மையத்தில் குறுஞ்செய்தி வசதி, தனி இருக்கை, நகல் எடுத்தல் என்று ஒவ்வொன்றாக விற்பார்கள். எதுவும் கட்டாயமல்ல, வேண்டாம் என்று சொல்லலாம். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. நம் ஊர் ஸ்டுடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று பொதுவாகக் கேட்டால் வேறு அளவில் கொடுத்துவிடுவார்கள். மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

கைரேகை எடுப்பார்கள். 59 மாதங்களுக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ள இடமுண்டு.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மகிழ்ச்சியில் பைக்குள் போட்டுவிடாமல் நாட்களையும் நுழைவு எண்ணிக்கையையும் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டு பலநுழைவு விசா தரலாம் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. ஆகவே பழைய விசாக்களின் நகலை எப்போதும் கோப்பில் வையுங்கள்.

5. ஏதென்ஸில் இறங்கியதும்

சென்னையிலிருந்து வளைகுடா நகரங்கள் வழியாகப் போகலாம். 2025 அக்டோபர் 12இலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முதல்முறை நுழைபவர்களுக்கு வரிசையில் நேரமாகும். விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெளியே வந்ததும் எக்ஸ்93 என்ற பஸ் விமான நிலையத்திலிருந்து நேரே வெளியூர் பஸ்கள் கிளம்பும் கிஃபிசோஸ் பஸ் நிலையத்துக்குப் போகிறது. இதற்கு நகர மையத்துக்குப் போகத் தேவையில்லை, டாக்ஸியும் தேவையில்லை.

6. கலமாட்டா, பிறகு பீலோஸ்

கிஃபிசோஸிலிருந்து மெசினியாவின் தலைநகரான கலமாட்டாவுக்கு கே.டெ.எல். என்ற பஸ் கூட்டமைப்பின் வண்டிகள் ஓடுகின்றன. மூன்று மணி நேரத்தை ஒட்டிய பயணம், கட்டணம் 25 யூரோ சுமார். இதுவரை எளிது. கலமாட்டாவிலிருந்து பீலோஸ் சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் அந்த உள்ளூர் பஸ் நாளுக்குச் சில தடவைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. மாலையில் கலமாட்டா வந்து சேர்ந்தால் கடைசி பஸ் போயிருக்கக்கூடும். அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுவதாகத் திட்டமிடுங்கள். கலமாட்டா நல்ல ஊர், ஆலிவ் விற்கும் சந்தையும் கடற்கரையும் உண்டு, வீணாகாது. நேர அட்டவணை கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மாறுவதால் பயண வாரத்தில் மெசினியா கே.டெ.எல். தளத்தில் மறுபடி பாருங்கள்.

கார் எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும், வேறு சில சிக்கல்கள் வரும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதை இந்தியாவிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், விசா நகல்களோடு 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குச் செல்லும் அனுமதி கிடைக்கும். விசா வந்த பிறகே இதற்குப் போக முடியும் என்பதால் இடையில் நாட்கள் விட்டு வையுங்கள். வாடகை நிறுவனங்கள் வைப்புத் தொகைக்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். டெபிட் கார்டை நீட்டினால் பெரும்பாலும் மறுப்பார்கள், அல்லது விலை உயர்ந்த காப்பீட்டைத் தலையில் கட்டுவார்கள். அங்கே கையால் கியர் மாற்றும் கார்கள்தான் அதிகம். தானியங்கி வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். வலதுபுறம் ஓட்ட வேண்டும் என்பது முதல் ரவுண்டானா வரும்வரை பெரிய விஷயமாகத் தெரியாது.

காரில் போகிறவர்கள் வழியில் அக்ரோகொரிந்த் ஏறிவிடலாம். கோட்டை வாசல் வரை கார் போகும். உள்ளே கற்கள் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதால் செருப்போடு ஏறாதீர்கள்.

7. பீலோஸில் தங்கி என்னென்ன பார்ப்பது

பீலோஸில் மூன்று இரவு தங்குங்கள். பீலோஸ் கதையிலேயே வரும் ஊர். தந்தையைத் தேடிப் புறப்பட்ட ஒடிசியஸின் மகன் டெலெமாக்கஸ் முதலில் கரை இறங்குவது நெஸ்டர் ஆண்ட மணற்பாங்கான பீலோஸில்தான். கரையில் மக்கள் கூடி கடல்தேவனுக்குக் கருங்காளைகளைப் பலியிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ‘ஒடிசி’யின் மூன்றாம் காண்டம் சொல்கிறது.

வொய்டோகிலியாவுக்கு இரண்டு வழிகள். வடக்கே பெட்ரோஹோரி கிராமத்தின் வழியாகப் போனால் கரைக்கு மிக அருகில் கார் நிறுத்தலாம். தெற்கே யாலோவா காயலைச் சுற்றி வந்தால் நடை கூடும், பறவைகள் பார்க்கலாம். ஏறக்குறைய முழு வட்டமாக வளைந்த கரை, இரு முனைகளிலும் பாறை, நடுவில் கடல் நுழையச் சிறு வாய். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் கடை, குடை, கழிப்பறை, குடிதண்ணீர் எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

கரையின் தென்முனையிலிருந்து மணல்மேட்டில் ஏறினால் நெஸ்டர் குகை. படத்தில் பார்த்ததை எதிர்பார்த்து ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒளியமைப்பும் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனும் இல்லாமல் பார்த்தால் அது உயரமான, சாதாரணமான குகை. ஏறுவதுதான் கடினம், ஒரு அடி வைத்தால் மணல் அரை அடி கீழே இழுக்கும். கூரையில் ஒரு துளை இருக்கிறது, பகலில் அதன் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கும். வாசலில் நின்று திரும்பினால் கீழே அந்த வளைகரை முழுவதும் தெரியும். எனக்கு அந்தக் காட்சிதான் குகையைவிடப் பெரிதாகப் பட்டது. குகைக்கு மேலே பழைய நவரினோ கோட்டைக்கு ஏறும் பாதை சிதைந்து கிடக்கிறது, எச்சரிக்கைப் பலகையும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் குகையோடு திரும்பிவிடுங்கள்.

மெத்தோனி கோட்டை பீலோஸிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே. கோட்டையைத் தாண்டிக் கடலுக்குள் நீளும் கற்பாதையின் முனையில் எண்கோண வடிவில் புர்ட்சி என்ற கோபுரம். காற்று அடிக்கும் நாளில் அலை பாதையின் மேல் ஏறும். மூடும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பாவது உள்ளே போனால்தான் கோபுரம் வரை நடந்து திரும்ப முடியும்.

படக்குழு எங்கே முகாமிட்டது என்று தேடுவதோடு நிற்காமல், பீலோஸிலிருந்து வடக்கே ஹோரா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நெஸ்டர் அரண்மனைக்கும் போய்வாருங்கள். அங்கே சுடுமண்ணால் செய்த குளியல் தொட்டி ஒன்று பதித்த இடத்திலேயே இருக்கிறது, உள்ளே ஏற இறங்க ஒரு படியோடு. நெஸ்டரின் கடைசி மகள் டெலெமாக்கஸைக் குளிப்பாட்டினாள் என்ற வரியைப் படித்தவர்கள் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். பல தொல்லியல் தளங்களுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. எந்த நாள் என்பது தளத்துக்குத் தளம் மாறுவதால் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசுத் தளங்களில் இலவசம்.

டிரோன் எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொல்லியல் தளங்களின் மேல் பறக்கவிட முன்அனுமதி வேண்டும். முக்காலி வைத்துத் தொழில்முறையில் படமெடுக்கவும் அப்படியே. கைப்பேசியை யாரும் தடுப்பதில்லை.

சாப்பாடு: சைவர்கள் ‘நிஸ்டீசிமோ’ என்று கேளுங்கள். நோன்புக்கால உணவு என்று பொருள், இறைச்சி, முட்டை, பால் சேராது. ஆனால் நோன்பில் கணவாயும் சிப்பியும் விலக்கில்லை. அதனால் அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

8. இதாகாவுக்கும் போக வேண்டுமென்றால்

இன்னும் மூன்று நான்கு நாட்கள் ஒதுக்குங்கள். இதாகாவில் விமான நிலையம் இல்லை. பீலோஸிலிருந்து வடக்கே கில்லினி துறைமுகத்துக்குப் போய், கெஃபலோனியா தீவுக்குக் கப்பல் ஏறி, அந்தத் தீவின் சாமி துறைமுகத்திலிருந்து இதாகாவின் பிசாயெட்டோஸுக்கு இன்னொரு சிறு கப்பல், சுமார் அரை மணி நேரம். கோடைக்கால அட்டவணை தாமதமாகத்தான் வெளிவரும். ஆகவே ஜனவரியில் விசாவுக்குக் கொடுக்கும்போது கப்பல் டிக்கெட் இருக்காது. கடிதத்தில் ‘கப்பலில் போகிறேன்’ என்று எழுதி, இதாகா அறைப் பதிவை வைத்தால் போதும். பிசாயெட்டோஸில் இறங்கினால் ஊர் எதுவும் இல்லை, துறை மட்டும்தான். வத்தி ஊருக்கு டாக்ஸியை முதல் நாளே விடுதி மூலம் சொல்லி வையுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் இதாகாவில் இருக்காதீர்கள். ஊர் திரும்ப ஒடிசியஸ் பத்து வருடம் காத்திருக்கலாம், உங்கள் டிக்கெட் காத்திருக்காது.

9. பணம்

யூரோவை நூறு ரூபாய்க்குச் சற்று மேலே வைத்துக் கணக்கிடுங்கள். அறைப் பதிவு செய்யும்போது காட்டும் விலையில் வராத ஒரு வரி இருக்கிறது. கிரேக்க அரசு பருவநிலைக் கட்டணம் என்று அறைக்கு, இரவுக்கு வசூலிக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15 என்று 2025இல் உயர்த்தினார்கள். இணையத்தில் பிடிக்கும் வாடகை வீடுகளுக்கு 8. மூன்று நட்சத்திர விடுதியிலேயே பத்து இரவுக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு பஸ் பயணத்தைவிட அதிகம் வந்துவிடும். இதை விடுதியில் சேரும்போது நேரில் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியிடம் பேக்கேஜாக வாங்கினால் மூலத்தில் வரி பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கார்டு எங்கும் செல்லும். கிராமத்து டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். ஏ.டி.எம்.மிலோ கடையின் இயந்திரத்திலோ ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா’ என்று திரையில் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும், நூறு யூரோவுக்குச் சில நூறு ரூபாய் சத்தமில்லாமல் கழியும்.